லைசென்ஸில் யார் பெயர்?

நூற்பாலையில் விபத்து நடந்து, அடிபட்டவரை ஆஸ்பத்திரிக்கு வண்டி ஏற்றிவிட்டபின் ஆபீசில் எழும் முதல் கேள்வி, “லைசென்ஸ்ல யார் பேரு இருக்கு?” என்பதுதான். ராஜபாளையம் வட்டாரத்து ஆலைகளில் பராமரிப்பு சூப்பர்வைசராகச் சேர்ந்து, பாதுகாப்பு அதிகாரியாகி, ஓய்வுக்குப் பிறகு சிவகாசிப் பக்கம் பயிற்சி வகுப்புகள் எடுத்து, இப்போது கிருஷ்ணன்கோவிலில் குடியிருக்கும் ஒருவர், வேலைக்காலம் முழுக்கக் கேட்டுப் பழகிய கேள்வி இது. தன் பெயரும் வேலை பார்த்த ஆலைகளின் பெயரும் அச்சில் வரக் கூடாது என்பது அவர் போட்ட நிபந்தனை. மற்றபடி எதையும் மறைக்காமல் பேசுகிறார்.

அந்தப் பெயர் ‘ஆக்குபையர்’ என்ற கட்டத்தில் எழுதப்படும். ஆலையின் விவகாரங்கள் மீது இறுதி அதிகாரம் யார் கையில் இருக்கிறதோ அவரே ஆக்குபையர் என்றது 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம். இன்னொரு கட்டத்தில் மானேஜர் பெயர் இருக்கும். இயந்திரத்துக்குக் காப்பு மூடி இல்லை, தூசியை இழுக்க வசதி இல்லை, விபத்தைத் தெரிவிக்கவில்லை என்று எந்தக் குற்றச்சாட்டு வந்தாலும் வழக்கு பெரும்பாலும் இந்த இருவர் மேல்தான் பாயும். அதனால் அங்கே யாரை எழுதுவது என்பதை ஆலைக்காரர்கள் லேசில் விடமாட்டார்கள்.

1980-களின் தொடக்கத்தில் அவர் வேலைக்குச் சேர்ந்தபோது பல கம்பெனிகள் போர்டு தீர்மானம் போட்டு, மானேஜரையோ மூத்த அதிகாரி ஒருவரையோ அந்தக் கட்டத்தில் நிறுத்திவிடும். பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936-ல் தொடங்கிய ராஜபாளையம் மில்ஸுக்குப் பின் ஊரைச் சுற்றி ஆலைகள் பெருகியிருந்தன. பெரிய கம்பெனிகள் சில, குடும்பமே இயக்குநர் குழுவாக இருந்த சிறிய கம்பெனிகள் பல. அவர் சேர்ந்தது அப்படிப்பட்ட சிறிய ஆலை ஒன்றில். பஞ்சு வாங்குவது, நூல் விலை, புது மெஷின் எல்லாம் இயக்குநர்கள் பேசி முடிப்பார்கள். கோர்ட் சம்மன் வந்தால் மானேஜர் போவார்.

அந்த ஆலையின் கார்டிங் பிரிவில், ராத்திரி ஷிப்டில் நடந்ததை அவர் இன்னும் விலாவாரியாகச் சொல்கிறார். கார்டிங் மெஷினில் லிக்கர்-இன் என்று ஓர் உருளை உண்டு. அதன் உடம்பு முழுக்க ரம்பப் பற்கள். பஞ்சைக் கிழித்து உள்ளே அனுப்புவது அதன் வேலை. மோட்டாரை நிறுத்தினாலும் உருளை உடனே நிற்காது. மூடி திறந்திருக்கையில் மெஷின் ஓடக் கூடாது என்பதற்காக லிமிட் சுவிட்ச் வைத்திருப்பார்கள். அன்றைக்கு அந்த சுவிட்சின் நாக்கை அமுக்கிப் பிடித்து, கழிவு நூலால் ஏழெட்டுச் சுற்று சுற்றி, முடிச்சுப் போட்டிருந்தது. மூடி திறந்தே கிடந்தாலும் மெஷினைப் பொறுத்தவரை அது மூடியிருப்பதாகவே கணக்கு. அடைத்த பஞ்சை எடுக்கக் கை விட்டவருக்கு வலது கையில் மூன்று விரல் போயிற்று.

காலையில் எழுதிய அறிக்கையில் காரணம் என்ற இடத்தில் ‘தொழிலாளியின் கவனக்குறைவு’ என்று இருந்தது. பராமரிப்பு சூப்பர்வைசரான இவருக்கு அது ஒப்பவில்லை. அந்த நூல் முடிச்சை அவர் டார்ச் அடித்துப் பார்த்தார். முடிச்சின் மேல் பஞ்சுத்தூசி எண்ணெயோடு சேர்ந்து கறுத்து இறுகியிருந்தது. ஒரு ராத்திரியில் படிகிற அழுக்கு இல்லை அது. பல மாதத்து அழுக்கு. பிட்டரைக் கேட்டார். “சுவிட்ச் போயிருச்சு சார். இண்டென்ட் போட்டு வாங்கித் தரலை. மெஷின் நின்னா என்னைத்தானே கேட்பாங்க, கட்டிட்டேன்” என்றார் அவர். ஸ்டோர்ஸ் பைலில் அந்த இண்டென்ட், அதாவது சாமான் கேட்டு எழுதும் சீட்டு, இருந்தது. ஓரத்தில் பென்சிலால் ‘அடுத்த மாதம்’ என்று எழுதியிருந்தது. அதற்குப் பிறகு வந்த மாதங்களில் அந்தத் தாளை யாரும் எடுத்துப் பார்த்த அடையாளம் இல்லை.

கை விட்டவர் தொழிலாளி, நூலைக் கட்டியவர் பிட்டர், ஓட விட்டவர் ஷிப்ட் சூப்பர்வைசர். ஆனால் சுவிட்ச் வாங்கப் பணம் தரும் அதிகாரம் இந்த மூவருக்கும் கிடையாது. மானேஜருக்கே ஒரு தொகைக்கு மேல் போனால் இயக்குநரிடம் கேட்க வேண்டும். விருதுநகர் மாவட்டத்துக்கு மாவட்ட நீதிமன்றம் ஸ்ரீவில்லிபுத்தூரில். மானேஜர் அந்த ஊருக்குப் போய், குற்றத்தை ஒப்புக்கொண்டு, அபராதத்தைக் கட்டிவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிட்டார். அபராதப் பணம் ஆபீஸ் ரொக்கத்திலிருந்து போயிற்று. இயக்குநர்களில் ஒருவருக்காவது அந்த விரல்களைப் பற்றித் தெரிந்திருக்குமா என்பது சந்தேகமே.

விரல் போனவருக்கு ஈ.எஸ்.ஐ. மூலம் ஊனத்துக்கான தொகை வந்தது. அது வந்தவுடன் எல்லாம் தீர்ந்துவிட்டது என்று நினைப்பதுதான் ஆலைகளின் பழக்கம். ஈ.எஸ்.ஐ. தருவது இழப்பீடு. ஈ.எஸ்.ஐ.யில் இருக்கும் தொழிலாளி அதே காயத்துக்கு முதலாளியிடம் தனியாக நஷ்டஈடு கேட்க முடியாது, அதுவும் உண்மை. ஆனால் மூடியில்லாமல் மெஷின் ஓட்டிய குற்றத்தை எந்த இன்சூரன்சும் துடைத்துவிடாது. படித்த மானேஜர்களுக்கே இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியிருந்தது என்கிறார்.

1984 டிசம்பர் 2-ஆம் தேதி ராத்திரி போபாலில் விஷவாயு கசிந்தது. அது ஏதோ கெமிக்கல் கம்பெனி விவகாரம் என்றே மில்காரர்கள் படித்தார்கள். ஓராண்டு கழித்து, 1985 டிசம்பர் 4-ல், டெல்லி ஸ்ரீராம் ஆலையில் ஓலியம் வாயு கசிந்தது. அங்கிருந்த குளோரின் பிரிவைத் திரும்பத் திறக்க 1986 பிப்ரவரியில் அனுமதித்த உச்ச நீதிமன்றம், குளோரின் கசிந்து யாராவது பாதிக்கப்பட்டால் இழப்பீட்டுக்குத் தாங்களே சொந்தப் பொறுப்பு என்று கம்பெனியின் தலைவரும் நிர்வாக இயக்குநரும் எழுதித் தர வேண்டும் என்றது. கம்பெனி வேறு, இயக்குநர் வேறு என்றே பேசிப் பழகிய நாட்டில் அது பெரிய அதிர்ச்சி.

1987-ல் தொழிற்சாலைகள் சட்டமே திருத்தப்பட்டது. கம்பெனி என்றால் அதன் இயக்குநர்களில் ஒருவரே ஆக்குபையர் என்று ஆனது. தொழிலாளர்களின் பாதுகாப்பு, உடல்நலம் ஆகியவற்றுக்கான பொதுக் கடமை ஆக்குபையருடையது என்று 7-ஏ என்ற பிரிவு புதிதாக வந்தது. 92-ஆம் பிரிவில் தண்டனை இரண்டாண்டுச் சிறை, ஒரு லட்சம் ரூபாய் அபராதம் வரை உயர்ந்தது. அபாயகரமான தொழில்களுக்கு ஏழாண்டு வரை.

கம்பெனிகள் சும்மா இருக்கவில்லை. தினசரி ஆலையைப் பார்ப்பவர் அதிகாரிதானே, அவரை ஆக்குபையராகக் காட்டினால் என்ன என்று பல மாநிலங்களில் வழக்குப் போட்டன. ஜே.கே. இண்டஸ்ட்ரீஸ் வழக்கில் 1996 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் கறாராகத் தீர்த்துவைத்தது: இயக்குநர் அல்லாத எவரையும் ஆக்குபையராக நியமிக்க முடியாது, கம்பெனி யாரையும் நியமிக்காவிட்டால் இயக்குநர்களில் எவர் மேலும் இன்ஸ்பெக்டர் நடவடிக்கை எடுக்கலாம். விசித்திரம், அதே செப்டம்பரில்தான் அதே நீதிமன்றம் போபால் வழக்கில் யூனியன் கார்பைடு இந்தியா தலைவர் கேசுப் மகிந்திரா உள்ளிட்டோர் மீதான குற்றச்சாட்டை, கொலையாகாத மரணம் விளைவித்தல் என்பதிலிருந்து கவனக்குறைவால் மரணம் என்பதாகக் குறைத்தது. 2010 ஜூன் 7-ல் தீர்ப்பு வந்தபோது அவர்களுக்கு இரண்டாண்டுச் சிறை, அன்றே ஜாமீன். ஆயிரக்கணக்கானவர்களைக் காவு வாங்கிய விபத்துக்கு அது போதாது என்பதில் இந்தக் கட்டுரை எழுதுபவருக்குத் துளியும் சந்தேகமில்லை. ஆனால் ராஜபாளையத்து ஆலைத் தளத்தில் எதையாவது அசைத்தது ஜே.கே. தீர்ப்புதான்.

எப்படி அசைத்தது? லைசென்ஸில் பெயர் மாற்ற விண்ணப்பம் தயாரானது. அவர் அப்போது வேறோர் ஆலையில் பாதுகாப்பு அதிகாரி. வெளியூரில் இருந்த இயக்குநர் நேரில் வந்து கூப்பிட்டனுப்பினார்.

“இதுல நான் கையெழுத்துப் போட்டா, யாரோ மெஷினுக்குள்ள கையை விட்டதுக்கு நான் கோர்ட்டுக்குப் போகணுமாய்யா?”

“ஆமாங்கய்யா. போடுறதுக்கு முன்னாடி ஒரு தடவை ராத்திரி ஷிப்ட்ல கார்டிங் வரைக்கும் வந்து பாத்துட்டுப் போங்க.”

இயக்குநர் வந்தார். அந்தப் புழுக்கத்தில், காதோடு வாய் வைத்துப் பேசினால்தான் கேட்கும் இரைச்சலில், வரிசையாக மெஷின்களைப் பார்த்தார். அந்த ஆலையிலும் சில சுவிட்சுகள் கட்டித்தான் இருந்தன. ஒன்றில் நூலுக்குப் பதில் காகிதக் கோனை நசுக்கிச் செருகியிருந்தது. அவர் கேட்ட கேள்வி, “இத்தனை நாள் இது எங்கிட்ட ஏன் வரலை?” என்பது. கேட்ட தாளெல்லாம் இரண்டு படி கீழேயே நின்றுவிட்டன என்று இவர் காட்டினார். அந்த வருஷமே எல்லா மெஷினுக்கும் புது சுவிட்ச் வந்தது. பெல்ட் மூடிகள் வந்தன.

அந்த ராத்திரிக்குப் பிறகு பாதுகாப்பு அதிகாரி ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தார். பாதுகாப்புச் சாமான்களுக்கான இண்டென்ட் மட்டும் தனிப் புத்தகம். மாதம் ஒருமுறை அது நேரே ஆக்குபையர் மேஜைக்குப் போகும். கடைசிக் கட்டத்தின் தலைப்பு: ‘மறுத்தால் காரணம், கையெழுத்து’. அந்தக் கட்டம் வந்த பிறகு மறுப்பு அரிதாகிவிட்டது. காரணத்தை எழுதி, கீழே தன் பெயரைப் போட்டு, நாளைக்கு அது நீதிமன்றத்தில் படிக்கப்படும் என்று தெரிந்தால் யாருக்குத்தான் பேனா ஓடும்?

வக்கீல்கள் இன்னொரு பாடம் சொல்லிக்கொடுத்தார்கள். தொழிற்சாலைகள் சட்டத்தின் 101-ஆம் பிரிவின்படி, தான் உரிய அக்கறை எடுத்ததாகவும், தனக்குத் தெரியாமல் இன்னார்தான் அந்தக் குற்றத்தைச் செய்தார் என்றும் நிரூபித்தால் ஆக்குபையர் தப்பிக்க முடிந்தது. அதனால் சில ஆலைகளில் காகிதம் மலைபோல் குவிந்தது. பயிற்சி கொடுத்ததாகக் கையெழுத்து, கையுறை கொடுத்ததாகக் கையெழுத்து, எச்சரித்ததாகக் கையெழுத்து. எழுதப் படிக்கத் தெரியாதவரிடம் ஒரே நாளில் பத்துத் தாளில் ரேகை வாங்கியதை அவர் பார்த்திருக்கிறார். தேதி பழசு, மை ஒன்றே. விபத்துக்கு முன் எழுதிய காகிதத்துக்கும் பின் எழுதிய காகிதத்துக்கும் உள்ள வித்தியாசம் அனுபவமுள்ள இன்ஸ்பெக்டருக்குத் தெரியாமல் போகாது. முன்னால் எழுதியதில் அழுக்கு இருக்கும், அடித்தல் திருத்தல் இருக்கும், பணம் எவ்வளவு ஆகும் என்ற கணக்கு இருக்கும்.

விபத்துக்காவது ஒரு தேதி உண்டு. பஞ்சுத்தூசிக்கு அது கிடையாது. பஞ்சைப் பிரித்துச் சுத்தப்படுத்தும் புளோ ரூமிலும் கார்டிங்கிலும் பல வருஷம் இருந்தவர்களுக்கு வார லீவு முடிந்து வேலைக்கு வரும் நாளில் நெஞ்சை இறுக்கும், மூச்சு முட்டும். இரண்டு நாளில் சரியானதுபோல் இருக்கும். பிசினோசிஸ் என்ற இந்த நுரையீரல் நோய், சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் ‘கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய்’. பஞ்சுத்தூசி ஒரு கனமீட்டர் காற்றில் 0.2 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்பதும் சட்டத்திலேயே இருந்தது. அளந்து பார்த்த ஆலைகள் எத்தனை? அவர் கண்ட வரையில் மிகச் சொற்பம். சிகரெட் பழக்கம், ஆஸ்துமா, வயசு என்று டாக்டர் சீட்டில் வேறு ஏதாவது எழுதியிருக்கும். வேலையை விட்டுப் போய் வீட்டில் கட்டிலோடு கிடப்பவருக்காக எந்த இயக்குநரும் கூண்டேறி அவர் பார்த்ததில்லை. சட்டத்தின் பெரிய ஓட்டை இதுதான் என்கிறார். இந்த ஓரிடத்தில் மட்டும் அவர் குரல் உயர்ந்தது. விரல் போனால் ரத்தம் தெரிகிறது, நுரையீரல் போனால் எதுவும் தெரிவதில்லை.

2013 ஏப்ரலில் டாக்கா அருகே ராணா பிளாசா என்ற ஆடை ஆலைக் கட்டடம் இடிந்து 1,100-க்கும் மேற்பட்டவர்கள் மாண்டபின் வெளிநாட்டு வாங்குபவர்கள் அனுப்பும் ஆடிட்டர்கள் நம் பக்கமும் அதிகம் வந்தார்கள். அவசர வழிக் கதவின் பூட்டு போனது, நல்லதுதான். ஆனால் ஆடிட் நாளில் மட்டும் மாஸ்க்கும் தொப்பியும் பளபளத்தன. 2012 செப்டம்பர் 11-ல் கராச்சியில் 250-க்கும் மேற்பட்டோர் வெந்துபோன ஆடை ஆலைக்குச் சில வாரம் முன்புதான் எஸ்.ஏ. 8000 என்ற தொழிலாளர் நலத் தரச் சான்றிதழ் தரப்பட்டிருந்தது.

அதற்கு ஆறு நாள் முன்னால், செப்டம்பர் 5-ல், நம் மாவட்டத்தின் முதலிப்பட்டி. ஓம்சக்தி பயர் ஒர்க்ஸில் நடந்த அந்த வெடிவிபத்துக்குப் பிறகே பட்டாசு ஆலை போர்மேன்களுக்கான வகுப்புகளுக்கு அவர் போக ஆரம்பித்தார். நூற்பாலையில் பார்த்ததெல்லாம் அங்கே பத்து மடங்காகத் தெரிந்தது. ஓர் அறையில் நாலு பேருக்கு மேல் கூடாது என்பது அங்கே குழந்தைக்கும் தெரியும் விதி. தீபாவளி ஆர்டர் நெருங்கும்போது மரத்தடியில்கூட உட்கார வைத்து வேலை வாங்குவார்கள். விபத்து நடந்த மறுநாள் பத்திரிகையில் ‘போர்மேன் கைது’ என்று வரும். உரிமையாளர் ‘தலைமறைவு’.

வகுப்பில் ஒரு போர்மேன் எழுந்து கேட்டாராம்: “சார், ஆளைக் கூட்டி வான்னு சொல்றது ஒருத்தர், சரக்கு இத்தனை பெட்டி வேணும்னு சொல்றது ஒருத்தர், லைசென்ஸ் இன்னொருத்தர் பேர்ல. நான் யார்கிட்டப் போய் முடியாதுன்னு சொல்லணும்?” உள்குத்தகையைத்தான் அவர் சொன்னார். லைசென்ஸ் வாங்கியவர் அறை அறையாகப் பிரித்து ஆளாளுக்கு வாடகைக்கு விட்டுவிடுவார். குத்தகை எடுத்தவர் போட்ட பணத்தை எடுக்கத்தான் பார்ப்பார். 2021 பிப்ரவரி 12-ல் சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் 27 உயிர்களைக் கொண்டுபோன ஆலையும் இப்படிப் பலருக்குக் குத்தகைக்கு விடப்பட்டிருந்தது என்பது பின்னர் வெளிவந்தது. இறந்தவர்களின் குடும்பத்துக்குத் தலா 20 லட்சம் இழப்பீடு என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. கம்பெனிகளில் போர்டு தீர்மானம் செய்த வேலையைப் பட்டாசில் உள்குத்தகை செய்கிறது: அதிகாரம் மேலேயே இருக்கும், பொறுப்பு மட்டும் கீழே இறங்கிவிடும். சட்டம் ஒவ்வொரு முறையும் அதை மேலே இழுத்துக் கட்ட வேண்டியிருக்கிறது.

இழுக்க முடியாதது அல்ல. விசாகப்பட்டினம் எல்.ஜி. பாலிமர்ஸில் 2020 மே 7-ல் ஸ்டைரீன் கசிந்து 12 பேர் இறந்தபோது, இரண்டே மாதத்தில் நிர்வாக இயக்குநர் உட்பட 12 பேரை ஆந்திரக் காவல்துறை கைது செய்தது. நாடே பார்த்துக்கொண்டிருந்த விபத்து அது. ஒரே ஒரு ஆள் சாகும் விபத்துக்கு அந்த வேகம் வருவதில்லை.

2025 நவம்பர் 21-ல் பழைய தொழிற்சாலைகள் சட்டத்தின் இடத்துக்குத் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரம், பணிநிலைமைகள் தொகுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதை அவர் அடிக்கோடிட்டுப் படித்து வைத்திருக்கிறார். விதிமீறலால் உயிர் போனால் பழைய சட்டத்தில் குறைந்தபட்ச அபராதம் 25,000 ரூபாய். இப்போது இரண்டாண்டு வரை சிறை, அல்லது ஐந்து லட்சத்துக்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும். அபராதத்தில் பாதிக்குக் குறையாமல் இறந்தவரின் வாரிசுக்குத் தரும்படி நீதிமன்றம் உத்தரவிடலாம். இது நல்ல மாற்றம் என்கிறார். 1,000 தொழிலாளிகள் இருந்தால்தான் பாதுகாப்பு அதிகாரி கட்டாயம் என்பது 500 ஆனதும் நல்லதே. ஆக்குபையர் இயக்குநர்தான் என்பது தொடர்கிறது. தனி இயக்குநர்களை, அதாவது பெரிய அளவில் பங்கோ அன்றாட நிர்வாகமோ இல்லாமல் வெளியிலிருந்து போர்டில் உட்காருபவர்களை, மட்டும் விலக்கியிருக்கிறார்கள். அதிலும் அவருக்கு ஆட்சேபம் இல்லை. காசோலையில் கையெழுத்துப் போடாதவரைப் பிடித்து என்ன செய்வது?

அவருக்குப் பிடிக்காத மாற்றம் வேறு. மின்சாரத்தில் ஓடும் இடத்தில் பத்துப் பேர் இருந்தாலே தொழிற்சாலை என்றிருந்தது இப்போது இருபது பேர் ஆகிவிட்டது. பத்துப் பேரோ அதற்கு மேலோ இருந்தால் ‘நிறுவனம்’ என்ற வகையில் முதலாளியின் பொதுக் கடமைகள் பொருந்தும். ஆனால் தொழிற்சாலை லைசென்ஸும் அதில் எழுதிய ஆக்குபையர் பெயரும் இல்லாமல் போகும். ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் விசைத்தறிக் கூடங்களில் இந்த எண்ணுக்குள் அடங்குபவை ஏராளம். தறியின் சத்தம் காதைக் கெடுக்கும், மோட்டார் பெல்ட் புடவைத் தலைப்பை இழுக்கும். அதற்கெல்லாம் ஆள் கணக்குத் தெரியாது.

இப்போது அவர் போகிற இடம் அதுதான். சம்பளம் கிடையாது, கூப்பிடுகிற கூடத்துக்குப் போகிறார். சமீபத்தில் ஒரு கூடத்துக்காரர், “பதினாலு பேர்தான் சார், நாங்க எதுல வர்றோம்?” என்று கேட்டிருக்கிறார். இவர் சட்டத்தைச் சொன்னார். அதோடு நிற்காமல் ஒவ்வொரு தறியிலும் பெல்ட் எந்தப் பக்கம் ஓடுகிறது, வேலை செய்யும் பெண் எந்தப் பக்கம் நிற்கிறார் என்று சுண்ணக்கட்டியால் தரையில் குறித்துக் காட்டினார். ஊர் வெல்டிங் பட்டறையில் கம்பி வலை மூடிக்கு விலை கேட்டாயிற்று. பாதித் தறிகளுக்கு மாட்டிவிட்டார்கள். மீதிக்கு ‘அடுத்த மாதம்’ என்றாராம் கூடத்துக்காரர். எந்த மாதம் என்று தேதி போட்டு, அவர் கையெழுத்தையும் வாங்கிக்கொண்டுதான் இவர் பஸ் ஏறினார்.